தொட்டிலைப் பார்க்காமல் சொல்லும் பதில்

பேறுகாலத்துக்குத் தாய்வீடு வருகிற நம்மூர்ப் பிள்ளைகள் எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தால் இப்போது ஏஐ-யிடம்தான் கேட்கிறார்கள். கேட்கட்டும். வீட்டுக்காரர் துபாயில், அம்மா அசந்து உறங்குகிறாள், அந்நேரம் வேறு யாரைக் கேட்பது? ஆனால் கைக்குழந்தையை உறங்க வைக்கும் விஷயத்தில் அதை நம்புவதற்கு ஒரு அளவு இருக்கிறது.

பொதுவாகக் கேட்டால் சரியாகத்தான் சொல்கிறது. மல்லாக்கப் போடுங்கள், படுக்கை சமமாக, கெட்டியாக இருக்கட்டும், தலையணையோ பொம்மையோ தளர்ந்த போர்வையோ வேண்டாம், அதே அறையில் ஆனால் தனிப் படுக்கையில். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-ல் சொன்னதும் இதுதான். சிக்கல் அடுத்த கேள்வியில். என் அக்கா மகள், "குப்புறப் போட்டாத்தான் உறங்குறான், ஆச்சியும் அப்படித்தான் வளத்தாங்களாம், கொஞ்ச நேரம் பரவாயில்லையா?" என்று கேட்டதும் அது குழைந்துவிட்டது. பக்கத்திலிருந்து கவனித்தால், சில குழந்தைகளுக்கு, என்று ஒரே இழுவை. தக்கலைச் சந்தையில் மீன் விற்கிற அக்காகூட இவ்வளவு சீக்கிரம் இறங்கி வரமாட்டார்.

அது படித்த எழுத்துகளில் பழையதும் கலந்துதானே கிடக்கிறது! மேலை நாட்டு டாக்டர்களே ஒரு காலத்தில் குப்புறப் போடச் சொன்னவர்கள்தான். 1992-ல்தான் அந்த அகாடமி வேண்டாம் என்றது, 1994-ல் பெரிய பிரசாரம் தொடங்கியது, அடுத்த சில வருடங்களில் உறக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மல்லாந்து கிடந்தால் பால் புரையேறும் என்று நம் ஆச்சிகள் பயப்படுவார்கள். உண்மையில் அப்படிக் கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருப்பதால் கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் ஏறுவது கடினம். தலை தட்டையாகிவிடும் என்று பயந்தால், முழித்திருக்கும்போது நாம் பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்சம் குப்புற விளையாட விடலாம்.

அப்புறம் தொட்டில். பிள்ளை எதில் உறங்குகிறது என்று அது கேட்பதே இல்லை. மரக்கட்டிலை மனதில் வைத்துக்கொண்டு கம்பி இடைவெளியைப் பற்றிப் பேசும். இங்கே உத்திரத்தில் கட்டிய சேலைக்குள் பிள்ளை வளைந்து கிடக்கும், கழுத்து நிற்காத பிள்ளைக்கு முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை மடங்கிவிடும், தானாக நிமிரவும் தெரியாது. என்னைக் கேட்டால், தாய் பக்கத்தில் தரையில் தனியாக விரித்த பாய் எவ்வளவோ மேல். கடுகுத் தலையணையும் வேண்டாம்.

ஏஐ-யிடம் பொது விதியைக் கேளுங்கள், தப்பில்லை. "என் பிள்ளைக்கு மட்டும் இது பரவாயில்லையா" என்பதை வீட்டுக்கு வருகிற கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், அவர் தொட்டிலையே நேரில் பார்ப்பார். ராத்திரி என்றால் மருத்துவ ஆலோசனை எண் 104-க்குப் போன் போடலாம். பிள்ளை மூச்சுவிடுவதில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் டைப் செய்துகொண்டு உட்காராதீர்கள், நேரே 108.