கீழாநெல்லி குடித்தால் எல்லாக் காமாலையும் போய்விடுமா?

"கீழாநெல்லியை மோரில் அரைத்து மூன்று நாள் குடித்தால் எந்த மஞ்சள் காமாலையும் ஓடிவிடும், இங்கிலீஷ் மருந்தில் இதற்கு வைத்தியமே கிடையாது" என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

காமாலை நோயல்ல, அறிகுறி. அதை உண்டாக்கும் நோய்களில் ஒன்றான, கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் அழற்சி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான்!

கீழாநெல்லியை யாரும் சோதிக்காமல் ஒதுக்கவில்லை. 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் சென்னை ஆய்வு ஒன்று வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்கு 30 நாள் இந்த மூலிகையைக் கொடுத்ததில், 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழுவுக்கும் நம்பத்தகுந்த ஆதாரம் அகப்படவில்லை.

மருந்தே இல்லையா? ஹெபடைடிஸ் பி-யை டெனோஃபோவிர் என்ற மாத்திரை அடக்கி வைக்கிறது. ஹெபடைடிஸ் சி-யை சோஃபோஸ்புவிர் என்ற மருந்து கலந்த மாத்திரைகள் பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் குணமாக்கிவிடுகின்றன.

மலம் வெளுத்து, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகிறதா? பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம். மோரை வைத்துவிட்டு அன்றைக்கே ஸ்கேன் எடுங்கள்.