வெள்ளி விலைய வச்சு என்னைய எடை போடாதீங்க

ஞாயித்துக்கெழம சேலம் கொண்டலாம்பட்டி மண்டபத்துல நடந்தது வந்தவங்களுக்குத் தெரியும், வராதவங்களுக்கு அன்னிக்கு சாயங்காலமே வாட்ஸப்ல வந்திருக்கும். பந்தில ரசம் வர்றதுக்குள்ள பெரியப்பா அத்தன பேரு முன்னாடி, "இவ 2019ல அவசரப்பட்டு வித்துட்டா, அந்த வெள்ளி இன்னிக்கு இருந்திருந்தா..."ன்னு கணக்கு போட ஆரம்பிச்சுட்டாரு. பக்கத்து எலைல என் பொண்ணு. அங்க நான் வாயே தொறக்கல. இங்க சொல்றேன்.

ஒரு முடிவ, அத எடுத்த அன்னிக்கு கைல என்ன இருந்துச்சுன்னு வச்சு பாருங்க. வருஷக்கணக்கா கழிச்சு விலை எங்க போச்சுன்னு வச்சு பாக்காதீங்க.

அன்னிக்கு என்ன இருந்துச்சு? சிவதாபுரத்துல அப்பாவோட கொலுசு பட்டறை. எட்டு பேரு வேல செஞ்ச எடம், 2016 நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னதும் அஞ்சு பேராச்சு, அடுத்த ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்புறம் மூணு. அப்பாவுக்கு குடல்ல கட்டி, ஆபரேஷன தள்ளிப்போட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பீரோல அப்பா முப்பது வருஷம் கம்பி இழுத்து, பத்த வச்சு, கூலில மிச்சம் புடிச்சு சேத்த 7 கிலோ வெள்ளி. கிலோ 40 ஆயிரம் சொச்சம். செவ்வாப்பேட்டைல நாலு கடை ஏறி எறங்கி வித்தேன், இதுல எது அவசரம்?

"விக்காம அடகு வச்சிருக்கலாமே"ங்கறாங்க. எங்க பேங்க்ல கேட்டேன், தங்கம்னா வாங்க, வெள்ளி எடுக்கறதில்லன்னாங்க. சேட்டு கடைல பாதி விலைக்குத்தான் தருவேன்னாங்க, வட்டி மாசத்துக்கு ரெண்டு ரூபா. பட்டறையே படுத்துக் கெடக்கறப்போ அந்த வட்டிய யாரு கட்டறது? இன்னொண்ணும் சொல்றேன், 2011ல கிலோ 70 ஆயிரத்த தாண்டின வெள்ளி 2015 கடைசில பாதிக்கு வந்து நின்னுச்சு, அத எங்க வீட்ல கண்ணால பாத்தோம். பின்னாடி லட்சத்த தாண்டும்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னா 40 ஆயிரத்துக்கு கெடச்சப்போ நீங்க ஒரு கிலோவாவது வாங்கி வச்சிருப்பீங்களே பெரியப்பா.

"படிச்ச புள்ள பூ கட்டி பாத்தா வித்தே"ன்னு ஒரு அத்தை சிரிச்சாங்க. ஆமா, கோட்டை மாரியம்மன் கோயில்ல பாத்தோம். செவப்பு ஒரு பொட்டலம் வெள்ளை ஒரு பொட்டலம், அங்க வெளையாடிட்டு இருந்த ஒரு கொழந்தய எடுக்கச் சொன்னாங்க அம்மா, வெள்ளை வந்துச்சு. செவப்பு வந்திருந்தாலும் நான் வித்திருப்பேன். அந்தப் பூ அம்மாவுக்கு. புருஷன் உழைப்ப விக்கற பாரத்த அவங்க ஒத்தையா சுமக்க வேண்டாம், மாரியாத்தாளும் ஒரு பக்கம் புடிச்சுக்கட்டும்னுதான். இத சிரிக்கற விஷயமா எடுத்துக்க எனக்கு முடியல.

"எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்." கேட்டேன். ரெண்டு தடவ போன் பண்ணினேன். "யோசிச்சு செய் கண்ணு"ன்னு சொல்லிட்டு வச்சிட்டீங்க. யோசிச்சுதான் செஞ்சேன். இதையே என் தம்பி செஞ்சிருந்தா அப்பனுக்காக நின்னான் பாருன்னு பேசியிருப்பீங்க, அவன் அப்ப துபாய்ல இருந்தான், அவன நான் குத்தம் சொல்லல, ஆனா ஒரு பொண்ணு முடிவெடுத்தா மட்டும் அது அவசரம், புத்தியில்லாம செஞ்சது. இத நான் இந்த ஒரு விஷயத்துல மட்டும் பாக்கல, வேலைக்குப் போனது, டைவர்ஸ் வாங்கினது, எல்லாத்துலயும் இதேதான்.

கை கழுவற எடத்துல ஒருத்தர் சொன்னது இன்னும் கொடையுது. "அப்படி வித்தும் மனுஷன் 14 மாசந்தானே இருந்தாரு."

அந்த 14 மாசத்துல அப்பா தெனமும் பேத்திய ஸ்கூல் வேன் வரைக்கும் கொண்டு போய் விட்டாரு. ஒரு நாள் ஏற்காடு போகணும்னாரு. 20 கொண்டை ஊசி வளைவயும் அவளும் அவருமா சத்தமா எண்ணிட்டே வந்தாங்க, நடுவுல ஒண்ண விட்டுட்டோம்னு சண்ட வேற. ஏரிக்கிட்ட மொளகா பஜ்ஜி வேண்டாம்பான்னேன், பாதிய புட்டு எடுத்துக்கிட்டாரு. 14 மாசந்தானேன்னு என்கிட்ட சொல்லாதீங்க.

ஆடிப் பண்டிகைக்கு எல்லாரையும் கூப்பிடச் சொல்லியிருக்காங்க அம்மா. பெரியப்பாவையும் கூப்பிடுவேன், நேர்ல போய்த்தான் கூப்பிடுவேன். ஆனா அப்பா படத்துக்கு முன்னாடி உக்காந்து வெள்ளி விலை பேசினா நான் எந்திரிச்சுப் போயிருவேன், இப்பவே சொல்லிட்டேன்.