அந்தரங்கத் தோல் வெளுப்பது அழுக்கால் அல்ல

"பெண்ணுறுப்பில் அரிப்பும் வெள்ளைத் திட்டும் வந்தால் சுத்தக் குறைவுதான் காரணம். கணவருக்கும் ஒட்டிக்கொள்ளும். கிருமிநாசினி விட்டு தினமும் கழுவுங்கள்." இப்படி ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

தோல் வெளுத்து, வெங்காயச் சருகு போல மெலிந்து, ராத்திரியில் தூங்கவிடாமல் அரிக்கும் இந்த நோய்க்கு லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று பெயர். இது தொற்று நோய் இல்லை, உடலுறவால் பரவாது. சரியான காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்றாலும், உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்குவதாகக் கருதப்படுகிறது. தைராய்டு கோளாறு, வெண்புள்ளி, புழுவெட்டு இருப்பவர்களிடம் கூடுதலாகத் தென்படுகிறது; சிலருக்குக் குடும்பத்திலேயே இருக்கும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அதிகம், பூப்படையாத சிறுமிகளுக்கும் வரலாம். சிறுநீர்க் கசிவின் ஈரமும் இறுக்கமான உள்ளாடையின் உரசலும் கிளறிவிடும்.

சரி, கழுவினால் என்ன? கிருமிநாசினியும் சோப்பும் மெலிந்த தோலை இன்னும் புண்ணாக்கும். வெறும் தண்ணீர் போதும். சிகிச்சை, மருத்துவர் எழுதித் தரும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, பெரும்பாலும் குளோபெட்டசால். கடையில் நீங்களாக வாங்கிப் பூச வேண்டாம். அப்புறம், கவனிக்காமல் விட்டால் 100 பேரில் 5 பேருக்கும் குறைவானவர்களுக்குப் புற்றுநோயாகலாம், அதனால் ஆறாத புண்ணையோ கட்டியையோ உடனே காட்டுங்கள்.

சந்தேகமிருந்தால் பிரிட்டன் தேசிய சுகாதார சேவையின் இணையப் பக்கத்திலோ தோல் மருத்துவரிடமோ சரிபார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவலை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவில் இதைப் போடுங்கள்.