பிரிட்டிஷ் உச்சரிப்பு இல்லாவிட்டால் 7 பேண்டு கிடைக்காதா?

"ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் வெள்ளைக்காரர் மாதிரி பேசினால்தான் 7 பேண்டு, மற்றபடி எல்லாம் தேர்வாளரின் மூடுதான்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. (ஐஇஎல்டிஎஸ் என்பது வெளிநாட்டில் படிக்க, வேலை பார்க்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வு; பேண்டு என்பது அதில் தரும் மதிப்பெண் நிலை.)

தேர்வாளர் மொத்தமாக ஒரு மதிப்பெண்ணை மனம்போல் போடுவதில்லை. சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்குக்கும் தனித்தனியே 0 முதல் 9 வரை போட வேண்டும். நான்குக்கும் ஒரே எடை. ஒருவர் 7, 6, 6, 7 வாங்கினால் சராசரி 6.5. ஒவ்வொரு பேண்டுக்கும் எழுதிவைத்த விவரிப்பு உண்டு. அதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுவார்கள்.

சரி, உச்சரிப்பில் எதைப் பார்க்கிறார்கள்? கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா, அழுத்தமும் ஏற்ற இறக்கமும் சரியாக விழுகிறதா என்பதைத்தான். தாய்மொழியின் சாயல் இருந்தாலும் புரிதல் கெடாதவரை 8 பேண்டுகூட வாங்கலாம். வலிந்து பிரிட்டிஷ் பாணியில் பேசப்போய்ச் சொற்களை விழுங்குகிறவர்களுக்குத்தான் நஷ்டம்.

மூடு விஷயத்துக்கு வருவோம். கேள்விகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை, 11 முதல் 14 நிமிட உரையாடல் முழுக்கப் பதிவாகிறது. தேர்வாளர்களும் 2 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி தகுதியை நிரூபிக்க வேண்டும். அப்புறமும் சந்தேகமா? கட்டணம் கட்டி மறுமதிப்பீடு கேட்கலாம். மூத்த தேர்வாளர் பார்ப்பார். மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.