மான்கட் என்பது ஒரு குடும்பத்தின் பெயர்

சனிக்கிழமை நம்ம ஊர் கிரிக்கெட் ஃபைனலில் நடந்தது அவுட்டா இல்லையா என்று பேச நான் வரவில்லை. பந்து கையை விட்டுப் போகும் முன்னாலேயே பவுலர் பக்கம் நின்ற பேட்ஸ்மேன் (நான்-ஸ்ட்ரைக்கர்) கோட்டைத் தாண்டினான், பவுலர் ஸ்டம்பைத் தட்டினான், அம்பயர் விரலைத் தூக்கினார். அதற்காகச் சண்டை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். எனக்குக் கோபம் மைக் பிடித்தவர் மேல். "மன்கட் பண்ணிட்டான், மன்கட் புத்தி" என்று பத்து நிமிஷம் விடாமல் கத்தினார். இப்படி அவுட்டாக்குவதற்கு வினு மான்கட் என்ற பழைய இந்திய ஆட்டக்காரரின் பெயரை வைத்துவிட்டார்கள். அன்று இரவே குரூப்பில் அந்தப் படம் வந்தது. வினு மான்கட்டின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், பக்கத்தில் ஒரு மூட்டைப்பூச்சி. குஜராத்தியில் மான்கட் என்றால் மூட்டைப்பூச்சி என்று யாரோ தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். எனக்குக் கிடைத்த பதில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "சேட்டு வந்துட்டாரு" என்றார் ஒருவர். பத்து வருஷம் பழகியவர்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மான்கட் என்பது ஒரு குடும்பத்தின் பெயர். அந்தப் பெயரோடு பிறந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது திட்டும் சொல் இல்லை.

நான் குஜராத்தில் ஜாம்நகரில் மூன்று வருஷம் இருந்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தரேட் தொழிற்பேட்டையில் பித்தளைப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. போன முதல் வாரம் லாட்ஜில் தங்கினேன். இரண்டாம் நாள் காலையில் முதுகெல்லாம் தடிப்பு. ரூம் பையன் மெத்தையைப் புரட்டி, கட்டில் சட்டத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "மான்கட் சே" என்றான். மூட்டைப்பூச்சி இருக்கிறது. குஜராத்தியில் நான் கற்ற முதல் பத்துச் சொற்களில் அது ஒன்று. பத்து நாள் கழித்து வீடு பார்க்கப் போனால் வாசல் பலகையில் அதே சொல். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். கதவைத் திறந்த அம்மா என் சிரிப்பைப் பார்த்துவிட்டார். ஆக, இன்று குரூப்பில் சிரித்தவர்களைவிட நான் மேலானவன் என்று சொல்லவில்லை. நானும் சிரித்தவன்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மாவை நான் மாசி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் திக்ரா, மகனே என்பார். குடி வந்த ஒரு மாசத்தில், வராந்தாவில் பச்சை மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டே அவராகப் பேச்சை எடுத்தார். "எங்களில் ஹாத்தி இருக்கிறார்கள், கோடா இருக்கிறார்கள், மச்சர் இருக்கிறார்கள். யானை, குதிரை, கொசு. நாங்கள் மான்கட். என் நாத்தனாரை யானை வீட்டுக்குத்தான் கொடுத்தோம்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். தன் பெயரைச் சொல்லித் தானே சிரிப்பது வேறு, ஒரு புகைப்படத்துக்குப் பக்கத்தில் பூச்சியை ஒட்டிவைத்து ஊரே சிரிப்பது வேறு. இந்த வித்தியாசம் புரியாதவர்களா நீங்கள்?

அங்கே குடும்பப் பெயரை அட்டக் என்பார்கள். "தமாரி அட்டக் ஷூ?" என்பதுதான் புதிய ஆளிடம் கேட்கும் முதல் கேள்வி. ஒரு அட்டக்கைக் கேட்டால் ஊரோ தொழிலோ பாதி தெரிந்துவிடும். மேத்தா என்றால் கணக்கெழுதியவர், ஜவேரி நகை வியாபாரி, பாரேக் நாணயத்தை உரசிப் பார்த்தவர். காந்தி என்ற பெயரே வாசனைப் பொருளும் மளிகையும் விற்றதைக் குறிக்கும் பெயர்தான். தோல்கா ஊர்க்காரர் தோலக்கியா, அஞ்சார் ஊர்க்காரர் அஞ்சாரியா. இவற்றுக்கு நடுவில்தான் இந்த யானை, குதிரை, கொசு எல்லாம். நாகர் பிராமணர்களிடம் இப்படிப்பட்ட அட்டக்குகள் உண்டு. வட குஜராத்தில் வட்நகரைத் தங்கள் பூர்வீகம் என்றும் அங்குள்ள ஹாட்கேஷ்வரரைக் குலதெய்வம் என்றும் சொல்வார்கள். சௌராஷ்டிர சமஸ்தானங்களில் திவான், முன்ஷி வேலைகளில் இருந்தவர்கள். கலம், கட்சி, பர்ச்சி என்று தங்களைப் பற்றி ஒரு வழக்கு வைத்திருக்கிறார்கள். எழுதுகோல், கரண்டி, ஈட்டி. மூன்றும் கைவந்தவர்களாம்.

பட்டேல், ஷா மாதிரி திரும்பிய பக்கமெல்லாம் கிடைக்கும் அட்டக் இல்லை மான்கட். பெயர் தெரிந்த மான்கட்களை எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட எல்லாருக்கும் வேர் சௌராஷ்டிர தீபகற்பத்துக்குள்தான். வினு மான்கட் ஜாம்நகர். குஜராத்தி அறிஞர் தோலர்ராய் மான்கட் ஜோடியாக்காரர், அதுவும் ஜாம்நகர் பக்கம்தான். சௌராஷ்டிரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர். ஐபிஎல்லில் லக்னோவுக்கு ஆடிய பிரேரக் மான்கட் சௌராஷ்டிர அணிக்காரர். அப்புறம் முகமது மான்கட். 1928-ல் பாலியாத் கிராமத்தில் பிறந்த குஜராத்தி நாவலாசிரியர், 2022-ல் காலமானார். முஸ்லிம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு தோழர் உள்பெட்டியில் வந்து, "திவான் வேலை பார்த்த மேல்சாதிக்காரனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். நாகர்கள் அதிகாரத்தோடு இருந்தவர்கள்தான், அவர்களுக்கு என் பரிவு தேவையில்லை. ஆனால் தோழர், அந்த அட்டக் ஒரு சாதியோடு நிற்கவில்லை, ஒரு மதத்தோடும் நிற்கவில்லை. அதைத் திட்டாக்கினால் முகமது மான்கட்டையும் சேர்த்துத்தான் திட்டுகிறீர்கள். பதினோரு வயதுப் பையன் ஒருவனையும்.

அவன் மாசியின் பேரன். 2019 மார்ச் 25, ராத்திரி. ஐபிஎல்லில் ஜெய்ப்பூர் மேட்ச், அஷ்வின் பட்லரை இதே மாதிரி அவுட்டாக்கிய அந்த மேட்ச். மாசி வீட்டு ஹாலில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரே உற்சாகம், நம்ம ஊர் ஆள் தைரியமாகச் செய்துவிட்டார் என்று. டிவியில் மான்கட், மான்கட் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தன் வீட்டுப் பெயர் டிவியில் வருகிறது என்று அந்தப் பையன் முதலில் குதித்தான். பிறகு அவர்கள் என்ன தொனியில் சொல்கிறார்கள் என்பது அவனுக்கே புரிந்தது. குதிப்பது நின்றது. சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டான். அடுத்த நாள் பள்ளியில் என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வந்தபோது வராந்தாவில் நோட்டுப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தான். லேபிள்களில் அவன் பெயர், அப்பா பெயர், அட்டக் என்று மூன்று சொற்கள் இருக்கும். மூன்றாவது சொல்லை நீல பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்துக்கொண்டிருந்தான். ஒரு லேபிள் கிழிந்தே போயிருந்தது. மாசி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. என்னிடம் மட்டும், "உங்கள் ஊர்க்காரர் செய்ததற்கு எங்கள் பெயர் எதற்கு, திக்ரா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

"அது வெறும் கிரிக்கெட் வார்த்தைதானே, இதில் என்ன புண்படுவது" என்கிறார்கள். இதற்கு மட்டும் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

1947 டிசம்பர் 13, சிட்னி டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் பில் பிரவுன் கோட்டை விட்டுக் கிளம்பினார், வினு மான்கட் ஸ்டம்பைத் தட்டினார். அதற்கு முந்தைய மாதம் அதே மைதானத்தில் ஆஸ்திரேலிய லெவன் அணியோடு ஆடியபோது அதே பிரவுனை முதலில் எச்சரித்து, அவர் கேட்காததால் அவுட்டாக்கியிருந்தார். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள்தான் குதித்தன. எதிரணி கேப்டன் பிராட்மேனோ தன் சுயசரிதையில் மான்கட் பக்கம் நின்றே எழுதினார். விதி தெளிவாக இருக்கும்போது இவருடைய நேர்மையை ஏன் சந்தேகிக்கிறார்கள் என்பது அவர் கேள்வி. வெளியே நின்ற பிரவுனின் பெயர் வார்த்தையாகவில்லை, தட்டியவரின் பெயர் வார்த்தையானது. கவாஸ்கர் இதைத்தான் பல வருஷமாகச் சொல்கிறார்.

சரி, தட்டியவரின் பெயரைத்தான் வைப்போம் என்றால் மற்றவர்கள் எங்கே? 1969-ல் அடிலெய்டில் வெஸ்ட் இண்டீஸின் சார்லி கிரிஃபித் செய்தார். 1978-ல் கிறைஸ்ட்சர்ச்சில் நியூசிலாந்தின் சாட்ஃபீல்ட், 1979-ல் பெர்த்தில் ஆஸ்திரேலியாவின் ஆலன் ஹர்ஸ்ட். "சாட்ஃபீல்ட் பண்ணிட்டான்" என்று யாராவது மைக்கில் கத்திக் கேட்டிருக்கிறீர்களா? ஹர்ஸ்ட் புத்தி என்று? ஜாம்நகர்க்காரரின் பெயர் மட்டும் ஏன் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் சுமக்கிறது? வெள்ளைக்காரப் பத்திரிகை கிளப்பிவிட்ட சொல்லை நம்ம ஊர் மைக்கில் நாமே கத்துகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வகை அவுட்டை, கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசியே 2022 அக்டோபரிலிருந்து நியாயமற்ற ஆட்டம் பற்றிய 41-ஆம் விதியிலிருந்து எடுத்து, 38-ஆம் விதியில் சாதாரண ரன் அவுட்டோடு சேர்த்துவிட்டது. ரன் அவுட். இரண்டே சொல். கத்துவதற்கும் சுலபம்.

"ஊரில் ஆயிரம் பிரச்சினை, உனக்கு இதுதானா" என்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. என் சுவர், என் பிரச்சினை.

பெயர் என்றால் என்ன என்று எனக்கு ஜாம்நகரில்தான் தெரிந்தது. நமக்கு அட்டக் இல்லை, இனிஷியல்தான். கம்பெனியில் படிவத்தில் கடைசிக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்றார்கள், அப்பா பெயரை எழுதினேன். அன்று முதல் அங்கே என் பெயர் அப்பா பெயர்தான். கேட்டில் வாட்ச்மேன் முதல் டீ கொண்டுவரும் பையன் வரை அப்பா பெயரோடு பாய் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அப்பா இறந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் ஸ்டாக் கணக்கு இடித்ததற்காக மேலாளர் அந்தப் பெயரைச் சொல்லி எல்லார் முன்னாலும் திட்டினார். தப்பு என்னுடையது, திட்டு வாங்கியது அப்பா. பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தப் பையன் லேபிளை அடித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இதுதான். அவனுக்கோ ஒரு மேலாளர் இல்லை, உலகமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னைக்காரர்கள் இந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. இந்தியா 1932-ல் டெஸ்ட் ஆட ஆரம்பித்து இருபது வருஷம் ஜெயிக்கவே இல்லை. இருபத்தைந்தாவது டெஸ்ட்டில்தான் முதல் வெற்றி. 1952 பிப்ரவரி, இங்கிலாந்துக்கு எதிராக, நம்ம சேப்பாக்கத்தில். முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 53-க்கு 4. எடுத்தவர் வினு மான்கட். 1956 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நியூசிலாந்துக்கு எதிராகப் பங்கஜ் ராயோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ரன். அதில் இவருடையது 231. அந்த ஜோடியின் சாதனை 2008 வரை நின்றது. இந்தியாவின் வரலாற்றில் முதல் வெற்றியை நம் மண்ணில் வாங்கிக் கொடுத்தவர் இவர். அதற்கு நாம் அனுப்பிய பதில் ஒரு பூச்சிப் படம்.

1952 ஜூனில் லார்ட்ஸில் இந்தியா தோற்றது. இவர் மட்டும் 72, 184 அடித்து, முதல் இன்னிங்ஸில் 73 ஓவர் போட்டு 5 விக்கெட் எடுத்தார். அந்த டெஸ்ட்டை மான்கட்டின் டெஸ்ட் என்றே சொல்கிறார்கள். அதே பெயர்தான், பெருமையாகவும் சொல்ல முடிந்திருக்கிறதே! முதல் இடம் முதல் பதினோராவது இடம் வரை எல்லா இடத்திலும் டெஸ்ட்டில் பேட் பிடித்தவர். மகன் அசோக் மான்கட் 22 டெஸ்ட் ஆடினார். மருமகள் நிருபமா 1971-ல் விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் நம்ம சென்னை ஆனந்த் அமிர்தராஜோடு சேர்ந்து ஆடினார். பேரன் ஹர்ஷ் டேவிஸ் கோப்பை வரை போனவர். இத்தனை பேரும் வேண்டாம், 1947-ல் ஒரு நிமிஷம் போதும் என்கிறீர்கள்.

எழுத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். மன்கட் இல்லை, மான்கட். முதல் எழுத்து நெடில், லேசாக மூக்கில் ஒலிக்கும். மாசி சொல்லும்போது அந்த "மா" நன்றாக நீளும்.

குரூப்பில் போட்ட ஃபைனல் வீடியோவின் தலைப்பிலும் அதே சொல்தான். அதை மாற்றச் சொல்லி அட்மினுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றையும் படித்திருக்கிறார், நீல டிக் தெரிகிறது. பூச்சிப் படத்தை எடுத்துவிட்டார்கள், அதற்கு நன்றி. தலைப்பு மட்டும் இதை எழுதி முடிக்கிற வரை அப்படியேதான் இருக்கிறது. மாசிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த வீடியோவில் மைக்கில் வரும் ஒரு சொல் அவருக்குப் புரியும்.