ஸ்டோரேஜ் யூனிட்டில் துணி வைக்கிறீர்களா? பட்டுப்புடவையை மட்டும் வீட்டிலேயே விடுங்கள்

ஓசூரில் இப்போது ஒரு பழக்கம் பரவி வருகிறது. ஃப்ளாட்டில் பீரோ போதவில்லை என்று ஸ்வெட்டர், ஜெர்கின், ரஜாய், கம்பளி எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடைத்து, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் பக்கம் இருக்கும் ஸ்டோரேஜ் யூனிட்டுக்கு, அதாவது சாமான் வைக்க வாடகைக்கு விடும் அறைக்கு, அனுப்பிவிடுகிறார்கள். சதுர அடிக் கணக்கில் மாத வாடகை. மார்கழிக் குளிர் வந்தால் போய் எடுத்துக்கொள்ளலாம். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு இது பெரிய உதவிதான். ஆனால் அந்தப் பெட்டிகளோடு சேர்த்துக் கல்யாணப் பட்டுப்புடவையையும் அனுப்பிவிடுகிறார்களே, அதைத்தான் தயவுசெய்து செய்யாதீர்கள் என்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா யூனிட்டில் இருந்து எடுத்து வந்த பெட்டிகளைத் திறந்தபோது நானும் கூட இருந்தேன். கம்பளி ஸ்வெட்டரில் முதுகும் கையும் புதுசாகவே இருந்தன. கழுத்துப் பட்டியிலும் அக்குளிலும் மட்டும் மிளகு அளவுக்கு ஓட்டைகள். வியர்வை பட்ட இடமாகப் பார்த்து அரித்திருந்தது. “ஒரு நாள் போட்டதுதானேன்னு துவைக்காம மடிச்சு வச்சேன்டி” என்றார். அதே பெட்டியில் அரக்குப் பட்டு ஒன்று, கடையில் கொடுத்த பாலிதீன் கவருக்குள்ளேயே. மடிப்பு விழுந்த கோடு நெடுக சரிகை கறுத்து, பக்கத்தில் பூசணம் பூத்திருந்தது. யூனிட்காரர்களைக் கேட்டதற்கு, ஈரத்துக்கும் பூச்சிக்கும் தாங்கள் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். அக்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அது அவர் முகூர்த்தப் புடவை.

நான் தர்மபுரிக்காரி. பட்டுப்புழு வளர்த்த வீட்டில் பிறந்தவள். மல்பெரித் தழை வெட்டிப் போட்டு, கூடு கட்டியதும் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஏலத்துக்குக் கொண்டு போவார்கள். புழு தோலுரிக்கும் நேரத்தில் படுக்கை காய வேண்டும் என்று அம்மா சுண்ணாம்புத் தூள் தூவுவார். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துப் புழு வெள்ளையாக விறைத்துப் போகும். சுண்ணாம்புக்கட்டு நோய் என்பார்கள். உயிரோடு இருக்கும்போது புழுவுக்கு எது எமனோ, அதுவேதான் புடவையான பிறகும் பட்டுக்கு எமன். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் கிளம்பிவிடும். பாலிதீன் கவரோ, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது.

பட்டுப்புடவைக்குத் தேவை ஆள் கை. நல்ல சரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் நூல் இற்றுப்போகும், வெள்ளி கறுக்கும். அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பூட்டிக் கிடக்கும் அறையில் இதை யார் செய்வது? வேலை, பிள்ளைகள், ஹைவே டிராஃபிக், இத்தனைக்கும் நடுவில் மடிப்பு மாற்றுவதற்காகப் போவோமா? போக மாட்டோம். இடமே இல்லையென்றால் ஊரில் அம்மா வீட்டு பீரோவில் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்குப் போகும்போது ஒரு முறை, ஆடிக்குப் போகும்போது ஒரு முறை கை பட்டாலும் போதும்.

சரி, ஸ்வெட்டர், கம்பளி விஷயத்துக்கு வருகிறேன். இவற்றைத் தாராளமாக யூனிட்டில் வைக்கலாம். ஆனால் பேக்கர்ஸ் ஆட்கள் கையில் விடாதீர்கள். அவர்கள் வேலை பெட்டியை நிரப்புவது. துவைத்தீர்களா, காய்ந்ததா என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். நம் ஊரில் மாசி முடிந்ததும் குளிர் விட்டுவிடும், பங்குனியில் காற்று உலர்ந்து கிடக்கும். அதுதான் சரியான நேரம். ஒரே ஒரு முறை போட்டதாக இருந்தாலும் துவைத்தே ஆக வேண்டும். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், அதிலும் வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடம் என்றால் அதற்கு விருந்து. பருத்தித் துணியில் கஞ்சி போடாதீர்கள். கஞ்சிக்கு வெள்ளிப்பூச்சி வரும். கம்பளியை வெயிலில் போட்டு நன்றாக உதறி, தையல் ஓரங்களைப் பிரஷ்ஷால் தேய்த்தால் முட்டைகள் உதிரும். அப்புறம், மாடியில் இருந்து எடுத்த சூட்டோடு பெட்டியில் அடைக்காதீர்கள். ராத்திரி முழுக்க ஃபேனடியில் ஆற விட்டு, துணி கைக்குக் குளிர்ச்சியாகப் பட்ட பிறகு மடியுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளேயே வேர்த்துவிடும்.

பெட்டி என்றால் அட்டைப்பெட்டி வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சும், பூச்சிக்கும் எலிக்கும் எளிது. க்ளிப் மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். துளி ஈரம் இல்லாமல் காய்ந்த துணி என்றால் மட்டும்தான் அந்த டப்பா. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடுங்கள். காற்றை உறிஞ்சும் வாக்வம் பை பாலியஸ்டர் ரஜாய்க்குச் சரி. கம்பளியையும் இறகு ஜெர்கினையும் அதில் மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் உப்பல் போய்விடும். லெதர் ஜெர்கின் மூச்சு விட வேண்டும், அதற்குப் பருத்தி உறை.

அந்துருண்டை பற்றி ஒன்று, இது துணியை விடப் பெரிய விஷயம். கைக்குழந்தையின் துணி, போர்வை இருக்கும் பெட்டியில் அந்துருண்டை போடவே போடாதீர்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் ஏறிய துணியை அவர்களுக்குப் போட்டால், ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை வரை போகும். அந்தக் குறைபாடு தன் பிள்ளைக்கு இருப்பது பெற்றவர்களுக்கே பெரும்பாலும் தெரிந்திருக்காது. பெரியவர்கள் துணிக்குப் போட்டாலும், எடுத்ததும் இரண்டு நாள் காற்றாட விட்டுத் துவைத்துத்தான் உடுத்த வேண்டும். எங்கள் வீட்டில் வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து வைப்போம், காய்ந்த வேப்பிலையும் போடுவோம். துவைத்துக் காய்ந்த துணிக்கு அது துணை நிற்கும், அழுக்குத் துணியை எதுவும் காப்பாற்றாது.

யூனிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஏசி இருக்கிறதா, கேமரா இருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் கதவைத் திறந்ததும் மூக்கால் பாருங்கள். புழுங்கல் வாடை அடித்தால் திரும்பி வந்துவிடுங்கள். சுவரின் அடிப்பக்கம் உப்புப் பூத்திருக்கிறதா, கூரை வெறும் தகர ஷீட்டா, பக்கத்து அறையில் தானியமோ தின்பண்டமோ இருக்கிறதா, இவற்றைக் கவனியுங்கள். டப்பாக்களைத் தரையில் வைக்காமல் மரப் பலகை போட்டு அதன் மேல் அடுக்குங்கள். சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் விடுங்கள். ஒப்பந்தத்தில் ஈரம், பூச்சி, எலி என்று வரும் வரிகளைக் கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்.

ஏற்கெனவே யூனிட்டில் துணி வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் திறந்து பாருங்கள். சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள். பட்டுப்புடவை உள்ளே இருந்தால், அன்றைக்கே கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.