மெல்டன் ஆராய்ச்சியை யாரும் அமுக்கவில்லை

"ஹார்வர்டு விஞ்ஞானி டக்ளஸ் மெல்டன் 2014-லேயே சர்க்கரை நோயைக் குணப்படுத்திவிட்டார், மருந்துக் கம்பெனிகள் அமுக்கிவிட்டன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. 2014-இல் வந்தது, மனித ஸ்டெம் செல்களிலிருந்து (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை ஏராளமாக வளர்க்கும் முறை. சோதித்தது எலிகளில். தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தவர், கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய் (இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே அழித்துவிடும் வகை) வந்த பிறகுதான் இந்தப் பக்கமே திரும்பினார். இதற்கே இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அப்புறம், அவர் தொடங்கிய செம்மா நிறுவனத்தை 2019-இல் வாங்கிய வெர்டெக்ஸ் என்ற மருந்துக் கம்பெனி, அமுக்கவா செய்தது? ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்களை நோயாளிகளுக்கே செலுத்திப் பார்த்தது. 2025-இல் வெளியான முடிவுகளில், முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டில் இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள். ஆனால் செலுத்திய செல்களை உடல் அழித்துவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். சோதனையும் டைப் 1 நோயாளிகளிடம்தான். நம்மில் பலருக்கு இருப்பது டைப் 2.